“வயர் ஒன்றுதான் போனது” என்று வீட்டில் சொல்லிவிட்டேன்

அலஸ்தோட்டம் ரோல்ஸ்காரி:

வணக்கம். நான் இங்கே வாசித்துவிட்டுப் போகிற ஆள்தான், எழுதுகிறது இதுதான் முதல் தடவை.

வீட்டிலிருந்து ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் செய்து தேத்தண்ணிக் கடைகளுக்குப் போடுகிறேன். தொடங்கினது 2021 இல், கொரோனாவில் இவருக்கு ஓட்டோ ஓட்டம் இல்லாமல் வீட்டோடு இருந்த நேரம். முதலில் பக்கத்து வீடுகளுக்கு முப்பது நாற்பது. பிறகு திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடை, பஸ் நிலையத்தடியில் இரண்டு, ஆஸ்பத்திரிப் பக்கம் ஒன்று என்று கூடி ஒரு நாளைக்கு 200 வரை வந்தது. விடிய மூன்று மணிக்கு எழும்பினால்தான் ஆறரைக்கு முதல் கடைக்குப் போய்ச் சேரும். 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் நிறுத்தினார்களே, அதையும் சமாளித்தேன். காஸ் சிலிண்டர் 2,675 ரூபாவிலிருந்து 4,860 க்குப் போனபோது விறகடுப்பில் பொரித்தேன், கண் எரிய எரிய. அதெல்லாம் ஊருக்கே வந்த கஷ்டம், அதனால் வெட்கம் இருக்கவில்லை. இது எனக்கு மட்டும் வந்தது.

போன மார்கழி மழையில் ஒரு நாள் இரவு இடி, கரண்ட் போய்ப் போய் வந்தது. இவர் கொழும்புக்கு ஹயர் போயிருந்தார். நத்தார் ஓடருக்கு என்று அரைவாசி செய்து அடுக்கி வைத்தது அறுநூறு கிட்ட ப்ரீசரில் இருந்தது. மற்ற நாள் பின்னேரம்தான் மூடியைத் திறந்தேன். எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, ரஸ்க் தூள் ஊறிச் சேறு மாதிரி, மீன் மணம் முகத்தில் அடித்தது. கிணற்றடிக்குப் பின்னால் கிடங்கு வெட்டித் தாட்டேன். நாய் கிளறக்கூடாது என்று மேலே கல்லும் வைத்தேன். ப்ரீசருக்குத் தவணை இன்னும் ஏழு மாதம் கிடக்கு. திருத்த வந்தவர் கொம்பிரசர் எரிந்துவிட்டது என்று புதிதாகப் போட்டார், 38,000. இவர் வந்து கேட்டபோது, வயர் ஒன்றுதான் போனது, மாற்றியாச்சு என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது. வாயில் அதுதான் வந்தது.

அதுக்குப் பிறகு பஸ் நிலையத்தடிக் கடை ஒன்று சொல்லாமல் பூட்டிவிட்டுப் போனது. எனக்கு 47,000 தர இருந்தது. நத்தார் ஓடருக்கு வாங்கின முற்காசையும் திருப்பிக் கொடுக்க வேணும். அயலில் நாலு பெண்களோடு சேர்ந்து ஒரு லட்சம் வாரக் கடன் எடுத்தேன், வாரம் 2,650 படி 52 வாரம். காப்பு இரண்டையும் ஒரு அடகுக் கடையில் வைத்தேன். ஒவ்வொரு செவ்வாயும் பத்து மணிக்குக் கடன்காரப் பெடியன் மோட்டார் சைக்கிளில் வருவான். அவன் நல்ல பெடியன், குரல் கூட உயர்த்த மாட்டான். ஆனால் காசு இல்லாத இரண்டு கிழமை, அம்மா இல்லை என்று சொல்லு என்று மகளிடம் சொன்னேன். பள்ளிக்கூட விடுமுறை, அவள் வீட்டில்தான் நின்றாள். ஐந்தாம் வகுப்பு, இந்த வருசம் புலமைப்பரிசில் பரீட்சை எடுக்கிறாள்.

இப்ப என்ன நடக்குது தெரியுமா? ஒழுங்கையில் எந்த மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலும் அவள் தானாக எழும்பிப் போய் டிவியை நிறுத்துகிறாள். மீன்காரர் வந்தாலும் நிறுத்துகிறாள். நான் சொல்லவே இல்லை.

வியாபாரத்தை விடலாமா என்று யோசிக்கிறேன். இவரிடம் எப்படிச் சொல்கிறது? சொல்லத்தான் வேணுமா, அல்லது மெல்ல மெல்லக் கட்டி முடித்துவிடலாமா?


நிலாவெளிப் படகு:

அக்கா, நான் புறாத்தீவுக்கு ஆட்களை ஏற்றி இறக்குகிறவன். எங்களுக்கு வருசத்தில் சித்திரை, வைகாசியில் தொடங்கி புரட்டாதி மட்டும்தான் உழைப்பு, அதுக்குப் பிறகு வாடைக் காற்று, கடல் எழும்பிவிடும், படகைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துப் போட்டுவிட்டு இருக்க வேண்டியதுதான். 2019 இல் கடன் வாங்கி இரண்டாவது படகு எடுத்தேன். எடுத்து மூன்றாம் கிழமை ஈஸ்டர் குண்டு வெடித்தது, ஏப்ரல் 21. ஒரு வெள்ளைக்காரன் இல்லை. அடுத்த வருசம் கொரோனா, அதுக்கு அடுத்த வருசமும் அதே கொரோனா, 2022 இல் ஆட்கள் வரப் பார்த்தால் எண்ணெய் இல்லை. நாலு சீசன்! நான் எஞ்சின் ஒன்றை மனுசிக்குத் தெரியாமல் விற்றேன். அவளுடைய தமையன்தான் அதை மூதூரில் வேற ஒருத்தனுடைய படகில் கண்டு, வந்து சொல்லியிருக்கிறான்.

அவள் எஞ்சினுக்காக ஒரு சொல்லும் சொல்லவில்லை. “என் அண்ணனுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாமல் போச்சே” என்று மட்டும் சொன்னாள். அதை இன்றைக்கும் வருசத்துக்கு ரெண்டு தரம் சொல்லுவாள், சோறு போடும்போது. சொல்லிவிடுங்கள். வேறொருத்தர் வாயால் போகவிடாதீர்கள்.


ஸ்காபரோத் திருமலையான்:

சகோதரி, தோல்விதான் வெற்றியின் முதற்படி. நம்பிக்கையைக் கைவிடாதீர்கள். காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் தியானம் செய்து, இன்றைய நாள் என்னுடைய நாள் என்று சொல்லிப் பாருங்கள். குடும்பத்துக்கும் வியாபாரத்துக்கும் நேரத்தைச் சமமாகப் பிரித்து ஒரு அட்டவணை போடுங்கள்.


திருக்கடலூராள்:

மேலே எழுதின அண்ணை, அவ எழும்புகிறது விடிய மூன்று மணிக்கு. தியானத்துக்கு ரெண்டே முக்காலுக்கு எழும்பச் சொல்லுறீங்களா? 😀

அட்டவணை எல்லாம் ஒபிசுக்குப் போகிற ஆட்களுக்கு. எங்கள் வீடுகளில் அடுப்பில் எண்ணெய் கொதிக்க மடியில் பிள்ளை கொப்பியோடு நிற்கும், எதை எங்கே பிரிக்கிறது. 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவிலிருந்து 340 ஆனதே, அன்றைக்கு எங்கள் வீட்டில் கடலுக்குப் போகிறதா இல்லையா என்று பேசினது புருசனும் நானும் மட்டுமில்லை, பதினாலு வயசு மகனும் இருந்துதான். அவன்தான் கணக்குப் போட்டான், இத்தனை கிலோ மீன் வந்தால்தான் எண்ணெய்க் காசு என்று. பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நாங்கள்தான் நினைக்கிறது.

அக்கா, புருசனை விடுங்க, முதலில் அந்தப் பிள்ளையிடம் கதையுங்க. டிவியை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்க. இன்றைக்கே.


கிண்ணியாத் தயிர்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். தங்கச்சி, நான் முப்பது வருசமாகச் சட்டித் தயிர் யாவாரம். 2009 இல் பாலம் திறக்கிறதுக்கு முன்னால் சைக்கிளில் சட்டிகளைக் கட்டிப் பாதையில், அதுதான் ஆட்களை அக்கரைக்கு ஏத்திப் போற மிதவையில, ஏற்றித்தான் டவுனுக்குக் கொண்டுவரணும். பாதை பிந்தினால் தயிர் புளிச்சிரும், விலை பாதியாகிரும். அதனால எனக்கு ஒரு பழக்கம்: விடியற்காலை சட்டி ஏத்தும்போதே இன்றைக்கு நாலு சட்டி உடையும் என்று நினைச்சுத்தான் ஏத்துவன். உடையாத நாள் லாபம்.

நீங்க சொன்ன கதையில ப்ரீசர் எனக்குப் பெரிசாத் தெரியல. இடி யாருக்கும் விழும். 47,000 தான் பெரிசு. ஒரு கடை ஒரே நாளில 47,000 கடன் வைக்கேலாது. நாளைக்கு அறுபது எழுபது ரோல்ஸ், தாரன் தாரன் என்று எத்தனை நாள் கொடுத்திருப்பீங்க? அந்தக் கடைக்காரன் ஓடினது மார்கழியில, ஆனா சல்லி போனது அதுக்கு முன்னாலேயே. கேட்க வெட்கமா இருந்திருக்கும். எனக்குத் தெரியும், பொம்பிளைப் பிள்ளை ஒருத்தி கடை வாசல்ல நின்று காசு கேட்டா நாலு பேர் திரும்பிப் பார்ப்பான். அந்த வெட்கத்துக்கு 47,000 விலை.

வாரக் கடன் பற்றி ஒன்று சொல்லணும். எங்க ஊர்ப் பக்கம் இந்தக் கடனால பொம்பிளைகள் பட்ட பாடு கொஞ்சமில்ல. 2018 இல் வறட்சி வந்த 12 மாவட்டத்தில, நம்ம மாவட்டமும் ஒன்று, ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கட்டேலாமக் கிடந்த பொம்பிளைகளுட நுண்கடனை அரசாங்கமே தள்ளுபடி பண்ற அளவுக்குப் போனது. ஆனா அடுத்த தள்ளுபடி வரும் என்று இருக்க வேணாம்.


பழைய காசாளர்:

வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன், உவர்மலை. கொஞ்சம் கணக்குப் பேசுவேன், கோபிக்க வேண்டாம்.

வாரம் 2,650, 52 வாரம் என்றால் மொத்தம் 1,37,800. ஒரு லட்சத்துக்கு வட்டி 37,800, நூற்றுக்கு முப்பத்தெட்டுத்தானே என்று தோன்றும். இல்லை. முதல் வாரத்திலிருந்தே முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள், அரை வருசம் போனால் உங்கள் கையில் இருப்பது அவர்களுடைய காசில் பாதியளவுதான், ஆனால் வட்டி முழு லட்சத்துக்கும் போகிறது. சரியாகக் கணக்குப் பார்த்தால் வருச வட்டி நூற்றுக்கு அறுபதைத் தாண்டும். வங்கியில் நகை அடகு வைத்தால் இதில் ஒரு பங்குதான் வரும். ஆகவே முதல் வேலை, அடகுக் கடையில் இருக்கும் காப்பை மீட்டு வங்கியில் வைக்க முடியுமா என்று பார்ப்பது. இரண்டாவது, வாரக் கடனை ஒரேயடியாக முடித்தால் மிச்ச வட்டியில் எவ்வளவு குறைப்பார்கள் என்று எழுத்தில் கேட்பது. வாயால் சொன்னதை நம்ப வேண்டாம். குறைக்க மாட்டோம் என்றால் அவசரப்பட்டு முடிப்பதில் லாபம் இல்லை, அதையும் கவனியுங்கள்.

இன்னொன்று. பிந்திக் கட்டினால் “கிரிப்பில் பெயர் விழுந்துவிடும்” என்று பயப்படுத்துவார்கள். கிரிப் என்கிற கடன் தகவல் பணியகம் யாரையும் கறுப்புப் பட்டியலில் போடுவதில்லை. உங்கள் கடன் எங்கே எவ்வளவு, ஒழுங்காகக் கட்டினீர்களா என்ற பதிவு அங்கே இருக்கும், கடன் தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது வங்கி. உங்கள் அறிக்கையை நீங்களே எடுத்துப் பார்க்கலாம்.

சரி, இப்போது நீங்கள் எனக்குச் சொல்லுங்கள். ஒரு ரோல்ஸ் கடைக்கு என்ன விலை? உங்களுக்கு என்ன முடிகிறது?


அலஸ்தோட்டம் ரோல்ஸ்காரி:

எல்லாருக்கும் நன்றி. வாசித்துவிட்டு அழுதேன், பிறகு திருக்கடலூராளின் பதிலைப் பார்த்துச் சிரித்தேன்.

கிண்ணியா நானா சொன்னது சரி. ஆறு மாதமாகக் கேட்கவே இல்லை. கொப்பியில் எழுதி எழுதி வைத்தேன், எழுதினால் காசு வந்த மாதிரி ஒரு நினைப்பு.

ஐயா, கடைக்கு 55. மா, மீன், கிழங்கு, முட்டை, ரஸ்க், எண்ணெய் எல்லாம் சேர்த்து 36 முடியும். 19 நிற்கும். இருநூறு போட்டால் 3,800 என்றுதான் நான் கணக்கு வைத்திருந்தேன், ஆனால் அந்த 3,800 ஐ ஒரு நாளும் கண்ணால் கண்டதில்லை.


பழைய காசாளர்:

காஸ்? இவருடைய ஓட்டோவுக்குப் பெற்றோல்? ப்ரீசர் தவணை, லைட் பில்? பின்னேரம் விற்காமல் திரும்பி வருவது?


அலஸ்தோட்டம் ரோல்ஸ்காரி:

இரவிரவாக இருந்து போட்டுப் பார்த்தேன். ஒரு ரோல்ஸுக்கு காஸ் 4, பெற்றோல் 3, ப்ரீசரும் கரண்டும் 4. திரும்பி வருவது பத்தில் ஒன்று, அதை நாங்களும் அயலும் சாப்பிடுவோம், அது 5. மிச்சம் மூன்று ரூபா.

மூன்று ரூபா ஐயா. இருநூறுக்கு 600. அதுவும் கடைக்காரர் எல்லாரும் காசு தந்தால். கிழமைக்கு ஆறு நாள் செய்தால் 3,600, அதில் 2,650 செவ்வாய்க்கிழமை மோட்டார் சைக்கிளில் ஏறிப் போகுது. நான் மூன்று மணிக்கு எழும்புகிறது யாருக்கு?


நிலாவெளிப் படகு:

அட கடவுளே.


ஸ்காபரோத் திருமலையான்:

சகோதரி, முதல் எழுதினதுக்கு மன்னிக்கவும், இங்கே கனடாவில் இருந்துகொண்டு எழுதுவது சுலபம். என் அம்மாவும் என்.சி. வீதியில் இடியப்பம் அவித்துத்தான் எங்களைப் படிப்பித்தா. அவ கடைகளுக்குப் போட்டதில்லை, வீட்டுப் படியில் வைத்துக் கைக்காசுக்கு மட்டும் விற்றா. கடன் கேட்டவர்களுக்கு “மா முடிஞ்சுது” என்று சொல்லுவா, உள்ளே மா இருக்கும். அப்போது அது கஞ்சத்தனம் என்று நினைத்தேன்.


சம்பூர்க்காரி:

எல்லாரும் புருசனிடம் சொல்லு சொல்லு என்கிறீர்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று ஒருத்தராவது கேட்டீர்களா? நாங்கள் 2006 இல் ஊரை விட்டு ஓடி, கிளிவெட்டி முகாமில் இருந்து, திரும்பி வந்து தகரக் கொட்டிலில் ஒரு பெட்டிக்கடை போட்டது. வருசக்கணக்காக இடம்பெயர்ந்து திரிந்ததில் என் மனுசன் குடிக்கப் பழகிட்டார். கடைக் கணக்கை நான் அவரிடம் சொன்னதே இல்லை, சொல்லவும் மாட்டேன், சொன்ன அன்றைக்கு அந்தக் காசு தவறணைக்குப் போகும். என் கணக்கு என் தங்கச்சிக்குத் தெரியும். ஒரு மனிசருக்குத் தெரிஞ்சிருக்க வேணும், அது புருசனாகத்தான் இருக்க வேணும் என்று இல்லை.

தங்கச்சி, உங்கட மனுசன் எப்படியான ஆள்? அதை முதலில் சொல்லுங்கோ.


அலஸ்தோட்டம் ரோல்ஸ்காரி:

அக்கா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. இவர் குடிக்கிறதில்லை, கை நீட்டினதும் இல்லை. பேசாமல் இருப்பார். அதுதான் பயம். ஏசினால் ஏசி முடிந்துவிடும், இவர் பேசாமல் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டே இருப்பார், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்ப.


திருக்கடலூராள்:

துடைக்கட்டும். ஓட்டோ பளபளக்கும், ஹயர் கூட வரும்.


கிண்ணியாத் தயிர்:

தங்கச்சி, ஒரு யோசனை. இருநூறை விடுங்க. திருப்பி அனுப்புகிற கடை, காசு தராத கடை ரெண்டையும் நாளைக்கே நிறுத்துங்க. நூறு போடுங்க, கைக்காசுக்கு. பின்னேரம் டச் பே கடற்கரையில சனம் எவ்வளவு வருது, பிள்ளைகளோட வந்து இருக்கிற சனத்துக்குச் சுடச் சுட ஒரு ரோல்ஸ் தொண்ணூறு ரூபாவுக்கு விக்கலாம். விற்கிறதுக்கு ஆர்ட்ட அனுமதி எடுக்கணும் என்று மட்டும் முதல்ல விசாரிச்சுக்கங்க, பீ.எச்.ஐ., அதுதான் சுகாதாரப் பரிசோதகர், வந்து நின்றா வில்லங்கம்.


பழைய காசாளர்:

நானா சொல்வதைக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். நாற்பது ரோல்ஸ் கடற்கரையில் 90 க்குப் போனால், இப்போது இருநூறில் நிற்பதைவிடக் கூட நிற்கும். மூன்று மணிக்கும் எழும்ப வேண்டாம். மழைக்காலம் அது ஓடாது, அதுக்கு வேறு வழி யோசிக்க வேணும், ஆனால் இப்போது மாசி முடிகிறது, ஐப்பசி வரை நாள் இருக்கிறது.


அலஸ்தோட்டம் ரோல்ஸ்காரி (மூன்று கிழமைக்குப் பிறகு):

எழுதாமல் விட்டதுக்கு மன்னியுங்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் மகளிடம் சொன்னேன். கடன் இருக்கு, அம்மா கட்டுவேன், யார் வந்தாலும் அம்மா இருக்கிறா என்று சொல்லலாம் என்று. அவள் கேட்ட ஒரே கேள்வி, “அப்ப ரியூசன் காசு?” அதுக்கு என்னிடம் பதில் இருந்தது, நல்லகாலம்.

இவரிடம் சொன்னது இரவு, வெங்காயம் உரித்துக்கொண்டு இருந்தபோது. கண்ணீர் வந்தாலும் வெங்காயம் என்று சொல்லலாமே என்று அந்த நேரத்தைத் தெரிந்தெடுத்தேன். எல்லாம் சொன்னேன், கிடங்கு வெட்டினது வரை. இவர் வெங்காயத்தை உரித்து முடித்தார். பிறகு சொன்னார், “வயருக்கு ஒருத்தரும் கொம்பிரசரைக் கழற்றி வைக்க மாட்டினம். பழையது கிணற்றடியில் சாக்குக்குக் கீழே கிடக்கு. தை மாசமே கண்டனான்.”

கண்டுவிட்டு ஏன் கேட்கவில்லை என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. சொல்லாத நான் கோபிக்கிறேன்! அப்போதுதான் அவருடைய பக்கம் வெளியே வந்தது. ஓட்டோ லீசிங் இரண்டு மாதம் பின்னால் நிற்குது. கடிதம் வந்ததை ஓட்டோவின் பின் சீற்றுக்குக் கீழே வைத்திருந்திருக்கிறார். நான் கேட்டால் சொல்ல வேண்டி வரும் என்றுதான் என்னைக் கேட்கவில்லையாம். நாங்கள் இரண்டு நாள் பேசவில்லை. அவர் ஓட்டோவைத் துடைத்தார், நான் பானைகளைத் துடைத்தேன்.

மூன்றாம் நாள் மகளுடைய பழைய கணக்குக் கொப்பியில் மிச்சமிருந்த பக்கங்களில் இரண்டு பேருடைய கடனையும் ஒன்றாக எழுதினோம். காப்பை மீட்டு, மாமி தந்த சங்கிலியோடு சேர்த்து வங்கியில் வைத்தோம். முதலில் லீசிங்கைக் கட்டினோம், ஓட்டோ போனால் எல்லாம் போகும். வாரக் கடனை முடித்தால் குறைப்பார்களா என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அதுவரை செவ்வாய்க்கிழமை பெடியன் வருவான், வாசலில் வைத்துக் கொடுக்கிறேன்.

இரண்டு கடையை நிறுத்தினேன். காசு வாங்கப் போனது இவர். கடைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்திவிட்டுப் பேசாமல் நின்றாராம். அவருடைய பேசாத குணம் அங்கே வேலை செய்தது, அரை மணித்தியாலத்தில் ஒரு கடைக்காரர் 8,000 கொடுத்திருக்கிறார். மிச்சத்துக்கு ஒரு மூட்டை வெங்காயம்.

டச் பேயில் போன ஞாயிற்றுக்கிழமை முதல் நாள். அனுமதிக் கதை எல்லாம் பேசியாச்சு. ஐம்பது கொண்டுபோனோம், ஏழு மணிக்கு முடிந்துவிட்டது. நேற்று காற்று, பன்னிரண்டு திரும்பி வந்தது. டிவி இன்னும் சில நேரம் நிற்குது. ஆனால் மீன்காரருக்கு நிறுத்துவதில்லை.


நிலாவெளிப் படகு:

அக்கா, வாற வெள்ளிக்கிழமை என் மகனுக்குப் பிறந்தநாள். முப்பது ரோல்ஸ் வேணும், பின்னேரம் நாலு மணிக்கு. மீன்தான். காசு வந்து தாறன்.


அலஸ்தோட்டம் ரோல்ஸ்காரி:

வெள்ளிக்கிழமை எங்கள் அடுப்பில் மீன் ஏறாது தம்பி, மரக்கறி ரோல்ஸ்தான். பாதிக் காசு வியாழக்கிழமைக்குள்ளே வேணும்.